முப்பத்து நான்கு பவுண் நிறை

முப்பத்து நான்கு பவுண். அறுபத்திரண்டு பவுண். இது நகையின் நிறை அல்ல. இரண்டு சின்னக் கைத்துவக்குகளின் நிறை. ஒரு பவுண் எட்டுக் கிராம். எனக்கு எதையும் பவுணில் நிறுத்தால்தான் விளங்கும். எட்டாம் வகுப்போடு நகைப்பட்டறைக்குப் போனவன்.

அத்தானுக்குக் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு நகைக்கடை இருந்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நாங்கள் மூன்று பேரும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே வீட்டில் இருந்தபோது, சமைக்கும் குசினியின் மேசையில் அறுந்த சங்கிலி ஒட்டிக் கொடுத்துத் தொடங்கிய தொழில். பிறகு ஒரு பிளாசாவின் மூலையில் கடை எடுத்தார். முன்னால் அவரும் அக்காவும். பின்னால் சின்ன அறையில் நானும் என் பட்டறையும். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் போனது.

அக்காவுக்கு நல்ல கை என்று சனம் நம்பியது. கலியாணத்துக்கு முன்னர் நல்ல நாள் பார்த்துத் தாலிக்குப் பொன்னுருக்குவார்கள். ஊரில் என்றால் பொன்வேலை செய்யும் பத்தர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார். இங்கே வீட்டுக்குள் நெருப்பு மூட்டினால் அலாரம் அடிக்கும். ஆகவே தேங்காய், பழம், குத்துவிளக்கோடு கடைக்கு வருவார்கள். நான் உருக்குவேன். உருகி ஆறிய பொன்னைத் தட்டத்தில் வாங்கி மாப்பிள்ளையின் தாயிடம் கொடுப்பது அக்கா. அவர் கொடுத்தால் அந்தக் குடும்பம் நல்லாயிருக்கும் என்று தூரத்துப் பிறம்டனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாலு பெடியள் கடைக்குள் வந்தார்கள். மூன்று பேரின் கையில் சுத்தியல். ஒருவனின் கையில் சின்னக் கைத்துவக்கு. கண்ணாடிப் பெட்டிகளை அடித்து நொறுக்கினார்கள். துவக்கு வைத்திருந்தவன் அதை அக்காவின் கழுத்தில் வைத்து, மற்றக் கையால் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். கொடி அறவில்லை. அது நான் செய்த கொடி. திரும்பவும் இழுத்தான். கழுத்துத்தோல் கிழிந்தது. பிறகு அக்காவே கழற்றிக் கொடுத்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. நான் பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரவில்லை.

கழுத்துக் காயம் ஆறியது. அக்கா கடைக்கு வரவில்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். பகலிலும் திரை மூடியிருக்கும். யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் போய்விடுவார். நான் புதுக்கொடி செய்யத் தொடங்கினேன். பதினொரு பவுண். அவசரப்படவில்லை.

ஒருநாள் பின்னேரம் அத்தான் பட்டறைக்குள் வந்து தொலைபேசியை நீட்டினார்.

"தம்பி, உதைப் பார்."

தொப்பி போட்ட ஒரு அமெரிக்கன். மேசையில் இரண்டு கைத்துவக்குகள். ஒன்று கைக்குள் அடங்கும். மற்றது கொஞ்சம் பெரிது.

"ஏன் அத்தான்?"

"என்ரை பொக்கற்றுக்குள்ளை உப்பிடி ஒண்டு இருந்தா கொக்கா பயப்பிடாமல் கடைக்கு வருவா."

கொக்கா என்றால் உன் அக்கா. கடைக்கு வந்துபோகும் ஒருவர், அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது, எது வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தாராம். எது என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் வீடியோ.

இரண்டு கிழமை பார்த்தோம். அத்தானுக்கும் எனக்கும் இங்கிலிஷ் அவ்வளவுதான். இலக்கங்களைப் பார்த்தோம். சின்னது ஆறு குண்டு, பெரியது பத்து. சின்னது மெல்லிசு, காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வெளியே தெரியாது. ஆனால் நிறை குறைந்ததால் சுடும்போது கையில் உதைக்கும். பெரியது கையில் நிற்கும். ஆனால் கோட்டுப் பொக்கற்றை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். அமெரிக்கன் ரீசேட்டோடு நின்று காட்டினான். இங்கே ஆறு மாதம் குளிர்.

"கையுறையைக் கழற்றி, ஜக்கெற் சிப்பை இழுத்து, உள்ளுக்குக் கையை விட்டு எடுக்கிறதுக்கிடையிலை," என்று அத்தான் செய்து பார்த்தார். "அவங்கள் ஹைவே ஏறியிருப்பாங்கள்."

"அப்ப சின்னது," என்றேன்.

"உதைக்குமெண்டெல்லே சொல்லுறான்."

"பெரிசு தொங்கும்."

"நீ ஒரு முடிவைச் சொல்லன்ரா."

நான் பென்சிலை எடுத்தேன்.

நிறையைப் பவுணுக்கு மாற்றியது நான்தான். வீடியோவில் அவுன்ஸில் போட்டிருந்தது. சின்னதற்கு முப்பத்தேழு பவுண் வந்தது. பிறகுதான் பிழை பிடிபட்டது. நான் தங்கத்தின் அவுன்ஸைப் போட்டிருந்தேன். மற்றச் சாமான்களுக்கு அவுன்ஸ் சிறிது. திருப்பிப் பார்த்தேன். முப்பத்து நான்கு. பெரியது அறுபத்திரண்டு.

"முப்பத்து நாலு பவுண் எண்டா ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளைக் கட்டிக் குடுக்கலாம்," என்று அத்தான் சிரித்தார். கடை உடைந்தபின் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

பொக்கற்றில் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது என்றார். ஆகவே இரண்டுக்கும் மரத்தில் மாதிரி செய்தேன். பிடிக்குள் துளை போட்டு, ஈயத்தை உருக்கி ஊற்றி, தராசில் வைத்து நிறையைச் சரியாக்கினேன். பெரியதை அப்படியே கரடுமுரடாக விட்டேன். அதைப் பார்த்தால் விறகுக்கட்டை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

சின்னதை விட முடியவில்லை. அரம் போட்டேன். விரல் வைக்கும் வளையத்தைச் செதுக்கினேன். மேலே குறி பார்க்கும் புள்ளி வைத்தேன். உப்புத்தாள் போட்டு, கறுப்புப் பூசி, துணியால் மினுக்கினேன். பிடியில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டேன். அந்தக் கோடுகள் வீடியோவில் இல்லை. சின்னதைச் செய்யும்போது நான் வீடியோவைப் பார்க்கவே இல்லை.

ஐயா, எங்கள் தகப்பன். அவரை ஊரில் சுட்டது அப்படி ஒன்றால். எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினேழு. பின்னேரம் ஒருவன் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்றான். ஐயாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஐயா போனார். "நீங்கள்தானே?" என்று கேட்டான். "ஓம்" என்றார். இடுப்புச் சாரத்தின் கட்டுக்குள்ளிருந்து துவக்கை எடுத்தான். வெடி பெரிதாகக் கேட்கவில்லை. பிறகு அதை ஒருக்கால் துடைத்துச் செருகிக்கொண்டு சைக்கிளை உழக்கினான். படலைக்குப் பக்கத்துக் கிணற்றடியில் அக்கா வாளியோடு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். துடைக்கும்போது அந்தப் பிடியில் கோடுகள் தெரிந்தன. ஏன் சுட்டான் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த மாதம் என்னைப் பெரியப்பாவின் பட்டறையில் இருத்தினார்கள். அதைப் பற்றி நானும் அக்காவும் ஒருநாளும் கதைத்ததில்லை. ஐயாவைச் சுட்டார்கள் என்பது அத்தானுக்குத் தெரியும். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றது தெரியாது.

அதை அத்தானிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாதிரியைக் கையில் கொடுத்தேன்.

"டேய், உண்மையானதே தோத்துப்போம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வந்தாள். அக்காவின் மகள். கலியாணம் முடித்து அஜக்ஸில் இருக்கிறாள். தகப்பனின் தொலைபேசியில் வீடியோக்களைக் கண்டுவிட்டாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? திஸ் இஸ் நொட் அமெரிக்கா. பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சா உங்களைத்தான் பிடிச்சு அடைப்பாங்கள்."

"களவெடுத்தவனை அடைச்சாங்களோ?"

"அதுக்காக நீங்கள் போய் உள்ளுக்கு இருக்கப் போறீங்களோ? மாமா, நீங்களாவது சொல்லுங்கோவன்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அக்கா அறைக்குள் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அத்தான் விட்டுவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆள் வைத்திருந்தவரிடம் வேண்டாம் என்று சொன்னார். அதை எனக்கு முன்னால்தான் சொன்னார். எனக்கு மனம் ஆறியது. பெரிய மாதிரியைக் குப்பையில் போட்டார். சின்னதைப் போடவில்லை. கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

"மரந்தானேயடா. கையை வைச்சுக்கொண்டா ஒரு தைரியம்."

"சரி அத்தான்," என்றேன்.

மாசியில் ஒரு குடும்பம் பொன்னுருக்கக் கேட்டது. மூத்த மகனுக்கு அக்கா கையால்தான் எடுத்துக் கொடுத்தது, இளையவனுக்கும் அவர்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கே போய் அக்காவின் கையைப் பிடித்துக் கேட்டார். அக்கா கடைசியில் ஓம் என்றாராம். அத்தான் எனக்குத் தொலைபேசி எடுத்து, "கொக்கா வாறா, கொக்கா வாறா" என்று இரண்டு தரம் சொன்னார்.

அக்கா வந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு. பச்சைச் சேலை, மேலே தடித்த ஜக்கெற். வாசலில் கொஞ்சம் நின்றார். புதுக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து விளக்குக்குத் திரி போட்டார். நான் பின்னறையில் உலையை மூட்டினேன். புதுக்கொடி முடிந்திருந்தது. அன்றைக்குக் கொடுக்கலாம் என்று பெட்டியில் வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தங்கக் காசை வாங்கிக் குகையில் இட்டேன். குகை என்பது பொன் உருக்கும் மண்கிண்ணம். பொன் உருகிச் சிவந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். கர்ப்பூரம் கொளுத்த நெருப்புப்பெட்டி தேவைப்பட்டது.

"இஞ்சரப்பா, என்ரை கோட்டுக்குள்ளை இருக்கும், எடும்," என்று அத்தான் அக்காவிடம் சொன்னார்.

கோட்டு பின்னறைக் கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்தது. அத்தான் சொல்லிவிட்டுத் தேங்காயைப் பார்த்தார். அவருக்கு நினைவு வரவில்லை. எனக்கு வந்தது. நான் உலையில் இடுக்கியோடு நின்றேன். உருகிய பொன்னை விட்டுவிட்டுப் போக முடியாது.

அக்கா கையை விட்டு எடுத்தார். நெருப்புப்பெட்டி அல்ல.

கத்தவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிடியைப் பார்த்தார். பெருவிரலால் அந்தக் கோடுகளைத் தடவினார். மாப்பிள்ளையின் தாய் "ஐயோ" என்று பின்னால் போனார். ஒரு குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"இஞ்சரும், அது மரம். மரமப்பா. பொய்த்துவக்கு," என்று அத்தான் ஓடிவந்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீயோ செய்தனீ?"

"ஓம்."

"பாத்தோ செய்தனீ?"

நான் உலைக்குள் பார்த்தேன்.

"அவருக்குத் தெரியாது," என்றார் அக்கா. "நீ எனக்குப் பக்கத்திலையெல்லே நிண்டனீ."

கீழே போடவில்லை. மெதுவாக என் பட்டறைப் பலகையில் வைத்தார். ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அத்தான் பின்னால் போனார். பொன் ஆறியது. அதைத் தட்டத்தில் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. நானே கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாய் கையை நீட்டவில்லை. அவருடைய தமையன் வாங்கினார்.

அன்று பின்னேரமே மருமகள் வந்து தாயை அஜக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கிழமைக்கு என்றாள். மூன்று வருடமாகிறது.

அத்தான் கடையை விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெயின் எடுத்து அஜக்ஸுக்குப் போகிறார். அக்கா அவருக்குச் சோறு போட்டுக் கொடுப்பார். கதைப்பாராம். காலநிலை, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம். வீட்டுக்கு வாரும் என்றால் எழும்பிக் கோப்பை கழுவப் போய்விடுவாராம். அத்தானில் கோபம் இல்லை, பயம் என்று மருமகள் சொல்கிறாள். அக்கா என்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நானும் போவதில்லை. போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தற்செயலாக நடந்தது என்று சொல்ல வாய் வராது. அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டவன் நான். எனக்கு அப்போது எந்த நினைவும் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த மாதிரியை அன்றே உடைத்தேன். மரத்தை உலையில் போட்டேன். ஈயம் தனியாக வந்தது. நிறுத்துப் பார்க்கவில்லை.

இப்போது வேறொரு கடையில் பின்னறையில் வேலை செய்கிறேன். போன கிழமை, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போன அத்தானிடம் அந்தப் புதுக்கொடியைக் கொடுத்துவிட்டேன். யார் செய்தது என்று சொல்ல வேண்டாம், கடையில் வாங்கியது என்று சொல்லுங்கள் என்றேன். இரவு எட்டு மணிக்கு அவர் தொலைபேசி எடுத்தார்.

"குடுத்தனடா."

"போட்டவோ?"

"கையிலை வாங்கினா. கொளுவியைப் பாத்தா. கன நேரம் பாத்தா."

கொடியைப் பூட்டும் கொளுவியின் உள்பக்கம் நான் எப்போதும் ஒரு வளைவு விடுவேன். தோலில் குத்தாமல் இருக்க. அது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதை மறந்துபோனேன்.

"பிறகு?"

"பெட்டிக்குள்ளை வைச்சு மூடி என்னட்டையே தந்திட்டா. இப்பவும் அந்தக் கயிறுதான்."

"சரி அத்தான்."

"என்ன செய்ய, வைச்சிருக்கவோ?"

"வைச்சிருங்கோ."

ரெயின் சத்தம் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.