மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் பட்டறையில் மஞ்சள் கோடு போட்ட பாவி நான்தான். பெரிய காந்தங்களைச் சோதிக்கும் அறையை ஒட்டித்தான் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றும் மேசை. அங்கே உட்கார்ந்து வேலை செய்த அக்காவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். காந்தம் அருகில் இருந்தால் அந்தக் கருவி தடுமாறும். காந்த அளவைப் பார்த்து எழுதுவது என் வேலை. அளந்து பார்த்தேன், அக்காவின் நாற்காலியில் ஒன்பது காஸ். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. ஐந்து வரும் இடத்தில் தரையில் கோடு போட்டேன். அக்காவை அடுத்த கட்டடத்துக்கு, பேக்கிங் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அவருடைய புருஷன் எங்கள் ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷம் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. பேசிக்கொண்டதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

"வீட்லதான் தினம் பாக்கறீங்களே அண்ணே, அப்புறம் என்ன?" என்று ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"வீட்ல அவ அடுப்படியில நிப்பா, நான் தூங்கிடுவேன். நாங்க ஒண்ணா இருந்ததே இங்கதான்டா" என்றார். அதன் பிறகு பல மாதம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. காலியான நாற்காலியை மட்டும் தினமும் துடைத்து வைப்பார்.

அக்கா ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று ஃபிட்டர் முதலாளியிடம் கெஞ்சி, சோதனை அறைச் சுவருக்குத் தகடு அடிக்க அனுமதி வாங்கினார். தகடு காந்த சக்தியை மறித்து நிறுத்துவதில்லை. தனக்குள் இழுத்து, தன் வழியாகவே சுற்றிப் போக விடுகிறது. அப்பால் கசிவது குறையும். முதலில் கனமான இரும்பு. அதன்மேல் நிக்கல் கலந்த மெல்லிய தகடு. இந்த இரண்டாவது பெரிய தொட்டாற்சிணுங்கி. உலையில் பதப்படுத்தி வருவது. தட்டினால் இழுக்கும் குணம் போய்விடும். தட்டித் தட்டியே பொருத்திப் பழகிய ஃபிட்டருக்கு இது தலைகீழ்ப் பாடம்.

விடுமுறை நாட்களில் வந்து ஒற்றை ஆளாக மாட்டினார். கடைசித் தகடு மட்டும் சரியாக உட்காரவில்லை. அக்காவை வேறு வரச் சொல்லியிருந்தார். அவசரத்தில் பழகிய கை சுத்தியலை எடுத்துவிட்டது. விளிம்பு நெடுகத் தட்டி, தகட்டை உட்கார வைத்த பிறகுதான் உறைத்தது. மனுஷன் முகம் செத்துப்போனது.

மீட்டரை எடுத்துக்கொண்டு நாற்காலி அருகே போனார். அளவை எழுத வந்திருந்த நான் நோட்டுப் புத்தகத்தோடு தள்ளி நின்றேன். மீட்டரில் இருந்த எண் எனக்குத் தெரியவில்லை. அக்கா கோட்டுக்கு வெளியே, கதவருகில் வந்து நின்றார். நல்ல புடவை கட்டியிருந்தார். ஃபிட்டர் மீட்டரை ஒரு முறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். நாலரை என்று சொல்லியிருந்தால் நான் நாலரை என்று எழுதியிருப்பேன். சொல்லிவிட மாட்டாரா என்றுகூட நினைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

"ஆறு புள்ளி ரெண்டு. எழுதிக்கோ" என்றார்.

"என்னங்க, வரட்டுமா?" என்று அக்கா காலை எடுத்து வைத்தார். ஒரு வருஷமாக அந்த வார்த்தைக்கு ஏங்கிய மனுஷன் இரண்டு கையையும் நீட்டி ஓடினார்.

"வராதடி. அங்கேயே நில்லு."