மாடி வீட்டு ஒத்திப் பணம்

நாகஜோதிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். கண்டரமாணிக்கம் பக்கம் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கிறாள். காலாவதியான மாத்திரையை அவள் தலையில் கட்டிவிட்டுப் போக யாராலும் முடியாது. அட்டை அட்டையாகத் திருப்பித் தேதி பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். அப்படிப்பட்டவளையே ஒருவர் ஏமாற்றினார் என்றால், அவர் வெளியாள் இல்லை. அவளுடைய அத்தையைக் கட்டிய சொந்த மாமா, அழகுசுந்தரம்.

காரைக்குடியில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்பது நாகஜோதியின் நெடுநாள் ஆசை. கணவன் வீரபாண்டியனின் வயல் ஒரு வருஷம் கொடுக்கும், மறு வருஷம் கையை விரிக்கும். மாதம் பிறந்தால் தவறாமல் வரும் காசு ஒன்று வேண்டுமென்று நினைத்தாள். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். சென்னையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, வாடகைக்கும் வங்கித் தவணைக்கும் எப்படிக் கணக்குப் போடுவது, ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் எதைக் கொண்டு சமாளிப்பது, வெள்ளையடிக்க எவ்வளவு ஒதுக்குவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஒத்தியைப் பற்றி மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. பாவம், நம் ஊர்ப்பக்கத்து ஆட்களை அவனுக்கு எங்கே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மாமா தன் பழைய வீட்டை விற்கப் போவதாகத் தரகர் முத்தரசு வந்து சொன்னார். கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம் குடியிருந்தது.

"கீழ ஒம்பதாயிரம், மேல எட்டாயிரம். உக்காந்த எடத்துல வாடகை வந்துரும்த்தா" என்றார் மாமா.

நாகஜோதி முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாள். வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டினாள். நகையை விற்று முன்பணம் புரட்டினாள். மிச்சத்துக்கு வங்கிக் கடன், மாதத் தவணை இருபத்தோராயிரம். வாடகை போக நாலாயிரத்தைத் தன் சம்பளத்தில் போட்டுவிடலாம் என்று கணக்கு. எல்லாம் பார்த்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. மாடிக்குப் போய், குடியிருப்பவளிடம் எவ்வளவு வாடகை என்று கேட்கவில்லை. கேட்கத்தான் படியில் கால் வைத்தாள். "நான் சொல்றேன்ல, அங்குட்டுப் போயி வேற விசாரிக்கணுமா?" என்றார் மாமா. வைத்த காலை எடுத்துவிட்டாள். முறை, மரியாதை என்று சொல்லிச் சொல்லியே நம் வீட்டுப் பெண்களின் காலை இப்படித்தான் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

பத்திரம் முடிந்து, முதல் மாத வாடகை வாங்கப் போனாள். கீழ் வீட்டில் எண்ணிக் கொடுத்தார்கள். மாடியில் குடியிருக்கும் மீனாள் காப்பி கொடுத்தாள்.

"வாடகையாக்கா? நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம். அஞ்சு லட்சம் மொத்தமாக் குடுத்துத்தான் வந்தோம். ஒங்க மாமா சொல்லலையா?"

ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது. குடியேறும்போது ஒரு தொகையை மொத்தமாகக் கொடுக்க வேண்டும், காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பணம் மாமாவிடம் இருந்தது, வீடும் கடனும் நாகஜோதியிடம் இருந்தன. மாதம் பன்னிரண்டாயிரம் கையிலிருந்து போட்டால் ஆறு மாதம் தாங்காது, வீட்டை விற்க வேண்டியதுதான்.

மாமாவிடம் போனாள். ஊஞ்சலை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"ஒத்தி வீட்டோட சேந்ததுத்தா. வாங்குனவதான் பாத்துக்கணும். நீ கேக்கவே இல்லையே."

இரண்டாம் முறை வீரபாண்டியனையும் அழைத்துக்கொண்டு போனாள். புது வீடு கட்டுவதால் கையில் காசில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெட்கங்கெட்ட பேச்சு! எந்தக் காசில் கட்டுகிறாராம்?

தரகர் முத்தரசுவுக்கு எல்லாம் முன்பே தெரியும். "நாஞ் சொல்லியிருந்தா யாவாரம் முடிஞ்சிருக்குமா?" என்று சிரித்துவிட்டு, யோசனையும் சொன்னார். "ஒத்திப் பத்திரம் வெறும் இருவது ரூவா முத்திரைத்தாள்ல எழுதுனது. பதியவே இல்ல. அந்தம்மாவக் காலி பண்ணச் சொல்லுங்க. பணத்தக் குடுத்த எடத்துல போயிக் கேட்டுக்கிறட்டும்."

வீரபாண்டியனும் தலையாட்டினான். அப்போதுதான் நாகஜோதிக்கு உண்மையான கோபம் வந்தது. மோசம் பண்ணியது மாமா. அதற்குத் தெருவில் நிற்க வேண்டியவள் மீனாளாம்! அவள் புருஷன் கல்யாண வீடு கல்யாண வீடாக அடுப்பில் வெந்து சேர்த்த பணம் அது. நாகஜோதியின் குரல் தாழ்ந்தது.

"பதியாத தாளு செல்லாதா? அப்ப மொய் நோட்ட மட்டும் எந்த ஆபீசுல பதிஞ்சு வச்சிருக்கீக?"

எழுதின மொய்யைத் திருப்பிச் செய்யாதவன் நம் ஊரில் தலைநிமிர்ந்து நடந்துவிட முடியாதென்று அவர்களுக்கும் தெரியும்.

அடுத்த வாரம் மாமாவின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். சீரியல் விளக்கென்ன, பந்தலென்ன! மொய் மேசையில் மருதுபாண்டி வாத்தியார் எழுத எழுத மைக்கில் பெயரும் தொகையும் சொல்லிக்கொண்டிருந்தார். மீனாளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நின்றாள் நாகஜோதி.

"மாடி வீட்டு மீனாள், அஞ்சு லட்சம்னு எழுதுங்க சார்."

பழக்கதோஷத்தில் வாத்தியார் அதை மைக்கில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் திகைத்தார். பந்தலே திரும்பிப் பார்த்தது. நாகஜோதி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"பணம் முன்னாடியே மாமா கைக்குப் போயிருச்சு. ஒத்திக்குக் குடுத்தது. வீட்ட எனக்கு வித்துட்டாக, அந்தப் பணத்த இவளுக்குத் திருப்பல. மொய்யின்னாத்தான் திருப்பிச் செய்வாகன்னு எழுதச் சொன்னேன்."

முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டார் மெல்லுவதை நிறுத்தினார்கள். மாமா வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"தனியாக் கூப்புட்டுப் பேசக் கூடாதாத்தா?"

"ரெண்டு தடவ தனியாத்தான் மாமா பேசுனேன்."

"சரி, சரி. பதினஞ்சு நாள்ல குடுத்துர்றேன்."

"சந்தோசம் மாமா. அத நீங்களே மைக்குல சொல்லிருங்க."

வேறு வழியில்லாமல் சொன்னார். நாகஜோதி தன் பங்குக்கு ஆயிரத்தொரு ரூபாய் மொய் எழுதிவிட்டு, மீனாளோடு பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டாள்.

சொன்ன கெடுவுக்குள் பணம் மீனாள் கைக்கு வந்துவிட்டது. ஒத்தி தீர்ந்துவிட்டதால் இப்போது அவள் மாதம் எட்டாயிரம் வாடகை கொடுக்கிறாள், தவணையும் தட்டாமல் போகிறது. ஆனால் அத்தை பேசுவதில்லை. பெரிய மனுஷனைச் சபையில் அசிங்கப்படுத்திவிட்டாள் என்று சொந்தபந்தம் பூராவும் பேச்சு. அந்தப் பெரிய மனுஷன் செய்த வேலையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அன்றைக்கு வீரபாண்டியனே மெல்ல ஆரம்பித்தான். "ஒரு நட போயி மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருவமா?"

"போவமே" என்றாள் நாகஜோதி, குரல் தாழ்ந்து. "மீனாளையும் கூட்டிக்கிருவோம். மொதல்ல மாமா அவகிட்டக் கேக்கட்டும். அதுக்கப்பறம் நான் மாமாகிட்டக் கேக்குறேன்."