பச்சை டப்பா வெந்தயம்

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் இரண்டு நான் பெறாதவை, நாத்தனார் விட்டுப் போனவை; எவை அந்த இரண்டு என்று திடீரென்று கேட்டால் இப்போதெல்லாம் எனக்கே ஒரு நிமிஷம் பிடிக்கிறது. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் என் கையெழுத்தை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை, அதனால் இதை நானே எழுதுகிறேன். எதிர்வீட்டில் காலையில் யாரோ வெந்தயம் வறுத்தார்கள். அந்த வாசனை வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. கடல் மணல் கொல்லைவரைக்கும் ஏறியிருக்கும். அந்த மண்ணில் வேறொன்றும் சுகப்படாது, வெந்தயம் மட்டும் மூன்றாம் நாளே தலையைத் தூக்கிவிடும். தை பிறந்ததும் அம்மா கிணற்றடியில் ஒரு பாத்தி கட்டி, ஊறவைத்த வெந்தயத்தைத் தூவுவாள். விரல் நீளம் வந்ததும் வேரோடு பிடுங்கிப் பருப்பில் போடுவது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். அம்மாவோ ஒரு ஓரத்தை மட்டும் பிடுங்காமல் முற்றவிட்டு, காய் நெற்றானதும் உதிர்த்து, காய்ந்த வேப்பிலையோடு ஒரு பச்சைத் தகர டப்பாவில் போட்டு அடுத்த தைக்கு வைப்பாள். "கடை வெந்தயம் கொழம்புக்கு, இது நம்பளுது" என்பாள். அவளுக்கு அவள் அம்மா கொடுத்த விதை அது.

எனக்கு ஒன்பது வயதானபோது, அந்த வருஷத்து விதையை எடுத்து மூடின கையோடு சித்திரையில் ஜுரம் வந்து அம்மா போய்விட்டாள். ஆவணியில் நைனா ராயப்பேட்டையிலிருந்து சித்தியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. நான் அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவேன். எனக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. தை வரட்டும், அம்மா விதையை நான் முளைக்க வைப்பேன், அவள் கை அதில் படக் கூடாது.

தை வந்தது. டப்பாவிலிருந்து இரண்டு கை அள்ளி ஊறவைத்து, அம்மா செய்த மாதிரியே தூவினேன். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாளும் வெறும் மணல். கிணற்றடியில் குந்தி அழுதுகொண்டிருந்தபோது, சித்தி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாடி வெதச்ச?"

"எங்கம்மா வெந்தயம்."

"எதுலேர்ந்து எட்த்த?"

"பச்ச டப்பாலேர்ந்து."

அவள் முகம் எப்படியோ ஆனது. குடத்திலிருந்து தண்ணீர் வழிந்து புடவை நனைவதுகூடத் தெரியாமல் நின்றாள். பிறகு, "மண்ணு இன்னும் ஈரமாத்தான் கீது, பொறுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாளே என்னை ஆழ்வார்பேட்டையில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அப்போது எனக்கு அது விநோதமாகப் படவில்லை.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தால் பாத்தி முழுக்கப் பச்சை. "சித்தி, மொளச்சிடுச்சி" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான்தான் சொன்னேனே" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அந்த வருஷத்து ஓரத்தை நானே முற்றவிட்டு விதை எடுத்தேன். கல்யாணமாகிப் போனபோது ஒரு முடிச்சு கொண்டுபோனேன். மாமியார் வீட்டில் ஊறுகாய்க்கு வெந்தயம் வறுக்கச் சொன்னார்கள். வாணலியிலிருந்து அந்தக் கசந்த வாசனை எழும்பினதும் எனக்குக் கை நின்றுவிட்டது. அன்றைக்கு நான் ஊறவைத்த கிண்ணத்திலும் இதே வாசனைதான் இருந்தது. விஷயம் தெரியாமல் சித்தி டப்பா வெந்தயத்தை வறுத்து, ஆறியதும் திரும்ப அதிலேயே போட்டு வைத்திருக்கிறாள், இடிப்பதற்கு முன்னால் நான் எடுத்து விதைத்திருக்கிறேன். வறுத்த விதை எங்கே முளைக்கும்?

தலைப்பிரசவத்துக்குப் போயிருந்தபோது, பால் ஊற வேண்டுமென்று சித்தி எனக்காக வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேராகக் கேட்டேன்: "அன்னிக்கி மொளச்சது யாரு வெந்தயம்?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "உங்கம்மாளுதுதான். துன்னு, புள்ளைக்குப் பால் வேணும்."

இதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. குழம்பில் உப்பு மறந்தால் மறந்தேன் என்று அவளே சொல்லிவிடுவாள். அம்மா வேறு எங்காவது ஒரு முடிச்சு வைத்திருந்து, அது இவள் கண்ணில் பட்டதா? அடியில் கொஞ்சம் வறுபடாமல் கிடந்ததா? இல்லை, கடை வெந்தயத்தைத்தான் வாங்கித் தூவினாளா? அப்படியானால் இத்தனை வருஷமாக அம்மாவுடையது என்று நான் என் பெண்களுக்கெல்லாம் முடிந்து கொடுத்தது எது? ஒரு நாள் ஒன்று நிச்சயமாகத் தோன்றும், மறுநாள் மற்றது. கேட்கலாமென்றால் சித்தி போயே முப்பது வருஷமாகிறது.

அந்தக் கொல்லை இப்போது இல்லை. கிணற்றை மூடி, மேலே கார் நிறுத்துகிறார்கள். அடையாறில் மகன் வீட்டு பால்கனியில் ஒரு தொட்டி வெந்தயம் இருக்கிறது, ஓரத்தில் நாலு செடி முற்றிக்கொண்டிருக்கிறது.

பேத்தி ஸ்டெல்லா, கண்ணாடி போட்டும் எனக்கு எழுத்து ஓடுகிறது, நீ இதை ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டு. சித்தி என்று வர வேண்டிய இடத்தில் எங்கேயாவது அம்மா என்று எழுதியிருந்தேனானால், அதை அடிக்காதே. அப்படியே படி.