ஜெத்ரோ ஸ்டெனிங் நட்ட குச்சிகள்

ஜெத்ரோ ஸ்டெனிங் வீசிய பந்து ஒன்று குச்சியைச் சாய்த்து, வேலியைத் தாண்டி, பக்கத்து ஊர்த் தேவாலய மணியையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நின்றது என்று எங்கள் ஹேசல்ஹர்ஸ்டில் சொல்வார்கள். மணிச் சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். பந்தைத்தான் பார்க்கவில்லை.

ஆட்டிடையன் மகன் அவர். பட்டிக் கதவைக் குறிவைத்துக் கல் எறிந்து எறிந்தே கை பழகியது. பத்தொன்பது வயதில் பெரிய வீட்டு சர் லைனல் அதைப் பார்த்துவிட்டு, அன்றே அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு எடுத்துக்கொண்டார். கிரிக்கெட் ஆடுவதற்குச் சம்பளம் தருகிறேன் என்று அந்தக் காலத்துப் பிரபுக்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சர் லைனலின் வண்டிக்காரருக்குக் குதிரையைக் கண்டாலே நடுக்கம். மட்டையைப் பிடித்தாரானால் மதியம் வரை அசைக்க முடியாது. ஜெத்ரோ வெங்காயத்தைத் தலைகீழாக நட்டவர். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையோடு ஓட்டுக் கூரை போட்ட ஒரு வீடும் வந்தது. அவர் குச்சியைச் சாய்க்கும் வரை வீடு அவருடையது. சாய்க்காவிட்டால் மனைவி கெசையாவோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குச்சியைச் சாய்ப்பதில் பாதி வேலை, அதை எங்கே நடுவது என்பதில் இருந்தது. வெளியூரிலிருந்து வரும் அணிதான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். எங்கள் அணி வெளியூர் போகும்போது ஜெத்ரோ காலையிலேயே போய்ப் புல்லில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒற்றைக் கண்ணால் நோட்டம் விடுவார். எங்கோ ஒரு சின்ன மேடு, ஒரு கை அகலப் பள்ளம் அகப்படும். அதற்கு நேராகக் குச்சியை நடச் சொல்வார். பிறகு பந்து தரையில் பட்டு எந்தப் பக்கம் போகும் என்று தரைக்கும் ஜெத்ரோவுக்கும் மட்டும்தான் தெரியும்.

நாற்பத்து மூன்றாவது வயதில் கண் மங்கியது. கெசையாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் ஆட்டத்துக்கு ஆட்டம் இஞ்சி ரொட்டி விற்கப் போகிறவள். செருப்பைக் கழற்றிவிட்டு, கூடையோடு மைதானத்தின் குறுக்கே வெறுங்காலோடு நடப்பாள். மேடு தட்டும் இடத்தில் நின்று தொப்பிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவாள். ஜெத்ரோ அங்கே போய்ப் படுத்துப் பெருமூச்சு விட்டு எழுந்திருப்பார். இப்படி இரண்டு கோடைகள் ஓடின.

மூன்றாவது கோடையில் வாய் கெடுத்தது. சாராயக்கடையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "தரை என்கிட்ட மட்டுந்தான் பேசும். வேற எவனுக்கும், எவளுக்கும் அதோட பாஷை புரியாது" என்றார். கெசையா பின்னால் கூஜாவோடு நின்றிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை, எதிரணியை நடத்தும் கர்னல் தோர்ப்பின் ஊரில் ஆட்டம். கெசையா ஓரமாகக் கூடையை இறக்கி வைத்தாள். நடக்கவில்லை.

"கொஞ்சம் அப்படியே நடந்துட்டு வா புள்ள."

"எனக்கெதுக்குய்யா? அதான் உன்கிட்ட பேசுமே. கேட்டுக்க."

வேறு வழியில்லை. ஜெத்ரோ குப்புறப் படுத்தார். மங்கல் கண்ணுக்கு நீளமாக ஒரு பள்ளம் தெரிந்தது. இவ்வளவு நல்ல பள்ளத்தை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. குச்சியை நடச் சொன்னார். அந்த இடம் பலகை மாதிரி இருப்பதை இரண்டு அணிகளும் பார்த்தன. எதிரணி வாயை மூடிக்கொண்டது. நம்மவர்கள், "ஜெத்ரோ சும்மா செய்ய மாட்டாரு" என்று தலையை ஆட்டினார்கள்.

பத்து மணிக்கு மேல் பள்ளம் சுருங்கத் தொடங்கியது. அது எல்ம் மரத்தின் நிழல். மதியத்துக்குள் பள்ளம் மரத்தடிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

எதிரணியின் ஆம்ப்ரோஸ் என்ற கொல்லர் ஜெத்ரோவின் பந்துகளை நாலா பக்கமும் அனுப்பினார். ஓட்டத்துக்கு ஒன்றாகக் கணக்குக் கோலில் வெட்டு விழுந்து விழுந்து, கோல் ரம்பம் போல ஆயிற்று. எண்பது ஓட்டத்துக்கு ஆறு பேர்தான் வெளியேறியிருந்தார்கள். சாப்பாட்டுக்குக் கலைந்தபோது சர் லைனல் ஜெத்ரோவைப் பார்க்காமலே கடந்து போனார்.

ஜெத்ரோ கூடையருகே வந்து உட்கார்ந்தார். "வீடு போச்சு, கெசையா. நிழல்ல நட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் போவது அவள் வீடும்தான். நட்ட குச்சியை மாற்ற எதிரணி சம்மதிக்க வேண்டும். எழுந்து நேராக ஆம்ப்ரோஸிடம் போனாள்.

"நல்லா அடிச்சீங்கண்ணே. இந்த மாதிரி சமதரையில எங்க பாட்டி கூட அடிப்பாங்க. அவங்க போயி எட்டு வருஷம் ஆச்சு."

கொல்லர் மெல்வதை நிறுத்தினார். "என்னம்மா சொல்ற?"

"ஒண்ணுமில்ல. மேடு பள்ளத்துல அடிச்சாத்தான் கொல்லர் கைன்னு எங்க ஊர்ல பேசிக்குவாங்க. உங்களுக்கெதுக்கு அந்த வம்பு? ரொட்டி சாப்பிடுங்க."

"எங்க வேணும்னாலும் நடு. ரோட்டு மேல நடு. நான் அடிக்கிறேன்."

"உங்க ஆளுங்க ஒத்துக்கணுமே."

"ஒத்துக்குவானுங்க."

கெசையா செருப்பைக் கழற்றினாள். ஊரே பார்க்க மைதானத்தின் குறுக்கே நடந்து, ஓரிடத்தில் நின்று குதிகாலால் தரையைத் தட்டி, "இங்க" என்றாள். ஒளிக்க நேரமில்லை.

அதற்கப்புறம் எதிரணி எடுத்தது ஏழே ஓட்டம். கொல்லருக்கு வந்த முதல் பந்து மேட்டில் பட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் குச்சியைச் சாய்த்தது. ஆனால் மேடு ஆள் பார்க்காது. அதே மேட்டில் அவர்கள் ஆளும் வீச, நம்மவர்கள் பதினோரு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றார்கள்.

சர் லைனல் வந்தார். "எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா, எசமான். குச்சி விழுற சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சுக்கிறேன்." ஜெத்ரோ தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினார்.

சர் லைனல் வாயைத் திறப்பதற்குள் கர்னல் தோர்ப் நடுவில் வந்து, கெசையாவுக்குத் தொப்பியைத் தூக்கினார். "அம்மா, என் பண்ணையில ஒரு வீடு காலியா இருக்கு. எங்க ஆளுங்களுக்குக் குச்சி நட ஒரு நல்ல கால் வேணும்."

"ஒருத்திக்கா, ரெண்டு பேருக்கா ஐயா?"

"புருஷனும் வரட்டும். ஒரு மூலையில இருக்கட்டும்."

"கர்னல், அவங்களுக்கு வீடு இருக்கு" என்றார் சர் லைனல்.

"எது வரைக்கும் எசமான்?" என்றாள் கெசையா.

"ஜெத்ரோ பந்து போடுற வரைக்கும்."

கெசையா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, கர்னல் பக்கம் ஒரு அடி வைத்தாள்.

"சரி, உசிரோட இருக்கிற வரைக்கும்."

"யாரு உசிரு?"

"ரெண்டு பேரு உசிரும்தான், போதுமா?"

கர்னல் சாட்சி நிற்க, அதையே இன்னொரு தரம் சொல்ல வைத்தாள்.

திரும்பும் வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. ஜெத்ரோ மெதுவாக, "அந்த நேரத்துல புகை போகாத அடுப்பையும் மாத்திக் குடுக்கச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீ வாயத் தொறக்காம இரு" என்றாள் கெசையா. "நாளைக்குக் கேக்கறேன்."