அம்மா பெயருக்கு நேராக என் ரேகை

எனக்கு எட்டு வயதானபோது, ரேஷன் கடை மெஷின் எங்கள் அம்மாவை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதுதான் எங்கள் தெருப் பெண்களின் பிழைப்பு. சிப்பியும் இறால் முள்ளும் கீறிக் கீறி அவர்கள் விரல்களில் ரேகையே தங்காது. அம்மா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். "ரேகை வுழல. அரிசி போட முடியாது, போம்மா" என்று கடைக்காரர் கார்டைத் திருப்பித் தந்தார். அடுத்தடுத்த மாதங்களிலும் அதே கதைதான். ராத்திரிக் கஞ்சி நின்றுபோனது.

அப்போதுதான் வக்கீல் அக்கா ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். பட்டினியில்லாமல் உயிர் வாழ்வது அரசியல் சட்டம் தந்த உரிமை, அதைப் பறிக்க ஒரு மெஷினுக்கு அதிகாரமில்லை, ஐகோர்ட்டில் கேட்போம் என்றார். பெண்கள் சரியென்றார்கள். எங்கள் நைனாதான், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அம்மாவைத் தடுத்தார்.

"கவர்மெண்டு மேலயே கேஸா? உன்னப் புடிச்சி உள்ள வச்சா புள்ளைய யாரு பாக்கறது?"

"வெளிய இருந்து மட்டும் இன்னாத்த துன்னுட்டோம்?" என்றாள் அம்மா.

நைனாவின் பயம் மொத்தமும் எனக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட மணி அடித்ததும் மூச்சிரைக்க ஓடிவந்து, அம்மாவின் சேற்றுப் புடவை கொடியில் தொங்குகிறதா என்று பார்ப்பேன். தொங்கினால் அம்மா ஏரியிலிருந்து வீடு வந்துவிட்டாள் என்று அர்த்தம், அப்போதுதான் உயிர் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வக்கீல் அக்கா மனுவோடு வந்தார். அம்மா கட்டைவிரலில் மை தொட்டு அழுத்தினாள். நீலமாக ஒரு திட்டு விழுந்தது. ஒரு கோடுகூட இல்லை. ஐயோ, ஜட்ஜும் மெஷின் மாதிரியே இது அவளில்லை என்பாரே, பொய் சொன்னாளென்று பிடித்துவைத்துக்கொள்வாரே என்று அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மை காயட்டும் என்று தாளை வைத்துவிட்டு அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். நான் என் கட்டைவிரலை மையில் தொட்டு, அம்மா பெயருக்கு நேராக, அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் அழுத்தினேன். சுழிசுழியாக, அவ்வளவு அழகாக விழுந்தது.

திரும்பி வந்த வக்கீல் அக்கா தாளைப் பார்த்தார். "இது யாரு கை?"

அம்மா என் நீல விரலைப் பார்த்துவிட்டாள். நான் ஓவென்று கத்தினேன். "நான்தான் வச்சேன். என்ன உள்ள வையிங்க, அம்மாவ வுட்ருங்க!"

அவர் என்னைத் திட்டவில்லை. வேறு தாள் எடுத்து, அம்மாவை மறுபடி அழுத்தச் சொன்னார். கோடே இல்லாத திட்டைப் பார்த்து, "இதத்தாங்க்கா கோர்ட்ல காட்டப் போறேன்" என்றார். ரேகை விழாவிட்டாலும் அரிசி போடச் சொல்லிப் பின்னால் உத்தரவு வந்தது.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கள்ள ரேகை வைத்தவளைத் தேடிப் போலீஸ் வரும் என்று மட்டும் தெரிந்தது. ரேகையே அழியட்டும் என்று துவைக்கிற கல்லில் கட்டைவிரலைத் தேய்த்தேன். ரத்தம் கசிந்தும் விடவில்லை.

அம்மா ஓடிவந்து கையைப் பிடுங்கினாள். "வேணாண்டி. உனுக்காவுது இருக்கட்டும்டி" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். போலீஸ் வருவது உறுதியாகிவிட்டது, அதனால்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.