செல்லம்மாள் மிதித்த ஏழாம் குழி

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், ரோட்டில் இருந்து உள்ளே இறங்கினால் ஒரு கோல்ஃப் மைதானம். மொத்தம் ஒன்பது குழி. குச்சியால் பந்தை அடித்து அடித்துக் கடைசியில் அந்தக் குழிக்குள் தள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இதற்குச் சென்னையில் இருந்து ஏசி கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பந்து விழுந்தால் கை தட்டுகிறார்கள். எங்கள் ஊரில் ஆடு பள்ளத்தில் விழுந்தால்கூட இத்தனை பேர் வந்து பார்க்க மாட்டார்கள்.

அங்கே நான் பேட்டரி வண்டி ஓட்டுகிறேன். செல்லம்மாள் அக்கா தரை வேலை. அக்காவின் பாதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் உப்பளத்தில் பாத்தி மிதித்த பாதம். ஈர மண்ணை வரிசையாக நின்று மிதித்து மிதித்துப் பலகை போல ஆக்கினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். தரையில் ஒரு தலைமுடி கிடந்தாலும் அந்தப் பாதம் கண்டுபிடித்துவிடும். யாருடைய தலைமுடி என்றுகூடச் சொல்லும். அந்தப் பாதத்துக்குத் தனியாக ஆதார் கார்டே எடுக்கலாம்.

மழை பிடித்தால் உப்பளம் தண்ணீருக்கடியில் போய்விடும், நாலு மாதம் வேலை கிடையாது. அதனால்தான் அக்கா இங்கே வந்தார். இங்கே வருஷம் முழுக்க வேலை. போன வருஷம்வரை அவர் குதிகால் வெடிப்பில் ஐந்து ரூபாய்க் காசு விழுந்தால் எடுக்க முடியாது. புல்லில் நடந்து அதுவும் மூடிக்கொண்டது. இன்னும் இரண்டு மாதத்தில் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்போதுதான் மார்க் போடுகிறவர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. நாடு முழுக்க ஆடிப் பார்த்து, மைதானத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று எழுதுகிறவராம். எங்கள் சூப்பர்வைசர் ஜமீல் பாய் கூனிமேட்டுக்காரர், துபாயில் பத்து வருஷம் கோல்ஃப் புல் வெட்டியவர். எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"பத்துக்குப் பத்து எப்பக் குடுப்பாங்க தெரியுமா? புல்லு பச்சையா இருக்குதுன்னு குடுக்க மாட்டாங்க. துபாய்ல பாலைவனமே பச்சையாதான் இருக்குது. ஒவ்வொரு குழியும் வேற வேற மாதிரி ஆளைப் படுத்தணும். வீட்டுக்குப் போய்ப் படுத்தா ஒம்போதும் ஒண்ணொண்ணா ஞாபகம் வரணும். ஆடி முடிச்சவன் வீட்டுக்குப் போகாம மறுபடி ஆட வரணும்."

"எங்க வீட்டுக்காரரு பிராந்திக் கடைக்குப் போற மாதிரின்னு சொல்லுங்க பாய்" என்றார் செல்லம்மாள் அக்கா.

ஏழாம் குழியைச் சுற்றி இருந்த தரை மழையில் உள்வாங்கிவிட்டிருந்தது. அதைத் தோண்டி, லாரியில் புது மண் கொட்டி வைத்திருந்தார்கள். பாய் தன் தங்கை ஷமீமா கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டார். போகும்போது, "நான் வர்றதுக்குள்ள புல்லை விரிச்சிடுங்கக்கா" என்றார்.

அக்கா போய்ப் பார்த்தால் மண்ணில் மூன்று மேடு. உப்பளத்துக்காரர் கண்ணுக்கு மேடு என்றால் அது யாரோ வேலைக்கு டிமிக்கி கொடுத்த அடையாளம். மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்து, மூன்று நாள் மிதி மிதி என்று மிதித்தார். அதன்மேல், வேரும் மண்ணுமாகச் சுருட்டி வந்திருந்த புல்லை விரித்தார்.

பாய் திரும்பி வந்து பார்த்தார். கல்யாண பிரியாணி மணம் போகாத கையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இங்க மூணு மேடு இருந்துச்சே?"

"ஆமா பாய். லாரிக்காரன் கொட்டிட்டு அப்படியே ஓடிட்டான் போல. நாங்கதான் மிதிச்சி சரி பண்ணோம்."

"அது நான் வச்ச மேடுக்கா! பந்து வளைஞ்சி வளைஞ்சி போறதுக்கு வச்சது!"

"வேணும்னேவா வச்சீங்க?" அக்காவுக்கு நம்பவே முடியவில்லை. "பாய், இதுவும் முழு மட்டம் கெடையாது..."

பாய் காதில் அது ஏறவில்லை. புல்லை மறுபடி பிரித்தால் வேர் பிடிக்க ஒரு மாதம் ஆகும். மார்க் போடுகிறவர் வருவதற்கு இருந்ததோ மூன்று வாரம்.

"இந்தக் குழியால மார்க்கு போச்சுன்னா ஓனரு என்னைப் பிடிப்பாரு. அப்ப நான் உங்கள வேலைய விட்டு அனுப்பித்தான் ஆகணும்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

அக்கா தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் விடப் போனார்.

ஒரு சனிக்கிழமை காலையில் மார்க் போடுகிறவர் வந்தார். சாலமன் சார், எழுபது வயசு, வெள்ளைத் தொப்பி. என் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ஆறு குழி ஆடிவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஏழாம் குழிக்கு வந்ததும் சிரித்தார்.

"என்னப்பா இது, கேரம் போர்டு மாதிரி இருக்குது?"

பாய் என் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அக்கா தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி தூரத்தில் நின்றார்.

குழி நாலு எட்டுத் தூரம்தான். சின்னப் பிள்ளை தள்ளினாலும் விழும். சார் நேராகத் தள்ளினார். பந்து நேராகப் போனது, குழிக்குக் கிட்டே போய் ஏதோ கோபித்துக்கொண்ட மாதிரி இடது பக்கம் ஒதுங்கிப் போனது. சார் திரும்ப வைத்துத் தள்ளினார். திரும்ப அதே கோபம். மூன்றாவது தடவை பந்து சாரைத் திரும்பியே பார்க்கவில்லை. அந்தப் பெரிய மனுஷர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் புல்லில் குப்புறப் படுத்துத் தரையைப் பார்த்தார்.

"மட்டமாத்தானே இருக்குது... யாரு பண்ண தரை இது?"

பாய் அக்காவைக் கை காட்டினார்.

"ஏம்மா, இதுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"சரிவு வச்சிருக்கேன் சார்" என்றார் அக்கா. "உப்பளத்துல தண்ணி ஒரு பாத்தியில இருந்து அடுத்த பாத்திக்கு மெதுவா போகணும். கண்ணுக்குத் தெரியிற சரிவு வச்சா ஓடிடும். வைக்காம விட்டா அங்கயே நின்னுக்கும். அதான் இந்த மூலையில ஒரு விரல் கனம் எறக்கி மிதிச்சேன். மழ பேஞ்சா தேங்காது."

"ஒரு விரலா? எப்படி அளந்தீங்க?"

"கால்லதான்."

சார் ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், வெறுங்காலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒன்றும் தெரியவில்லை. "நாற்பது வருஷமா ஆடுறேன். மேடு பள்ளம் வச்சு ஏமாத்துனவங்கள எல்லாம் பாத்திருக்கேன். ஒண்ணுமே இல்லாத மாதிரி வச்சு ஏமாத்துன ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

எட்டு, ஒன்பதை முடித்தார். காரில் ஏறுவார் என்று கதவைத் திறந்து வைத்தோம். அவர் என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "ஏழுக்கு விடுப்பா" என்றார். பதினாலு தடவை தவறி, பதினைந்தாவதில் பந்து விழுந்தது. அவர் போட்ட கூச்சல் பாண்டிச்சேரி வரைக்கும் கேட்டிருக்கும்.

சாயங்காலம் பாய் சார் மார்க் எழுதிக் கொடுத்த பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, பத்துக்குப் பத்து! ஓனருகிட்டப் பேசிட்டேன். ரெண்டு மாசம்லாம் வேணாம், இன்னைக்கே நீங்க பர்மனென்ட்!"

அக்கா குழாயை மூடிவிட்டு வந்தார். "பர்மனென்ட்டுன்னா ஞாயித்துக்கெழம லீவு உண்டுல்ல பாய்?"

"உண்டுக்கா."

"அப்ப திங்கக்கெழம வர்றேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புல்மேலேயே கேட் வரைக்கும் நடந்து போனார்.