அக்கா நிமிர்த்திய அரசமரம்

மரம் விழும் சத்தத்தைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். மரம் எழும் சத்தத்தைக் கேட்டவன் நான். விழும்போது அது ஒரே அடியாக விழுந்துவிடுகிறது. எழும்போது முனகுகிறது, யோசிக்கிறது, வேண்டாம் என்கிறது, பிறகு மண்ணுக்குள் எங்கோ துருப்பிடித்த கதவைத் தள்ளுவதுபோல ஒரு கிறீச்சிடலோடு தோளை அசைக்கிறது. ரந்தாவ் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் தோட்டத்தில், இரும்புக் கயிறு விறைத்து நடுங்கிய ஒரு காலையில், படுத்திருந்த அரசமரம் ஒன்று தலையைத் தூக்கியது. அதன் எதிரே, வாயில் விசிலும் தலையில் மஞ்சள் தொப்பியுமாக நின்றாள் என் அக்கா.

அக்காவின் தொழில் மரம். சிரம்பானில் ஒரு மரம் வெட்டும் கம்பெனியில் கிராணியாகச் சேர்ந்தவள், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் ஏறுவதைக் கணக்கெழுதப் பிடிக்காமல் தானே கயிறு கட்டி ஏறிவிட்டாள். பிறகு சொந்தமாக ஒரு லோரி, இரண்டு ஆள், அறுக்கும் மிஷின்கள். "மரம் வெட்டுறவ" என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "வெட்டுறதுக்கு நான் எதுக்கு? அதுக்குக் காத்து இருக்கு, மழை இருக்கு, உங்க வீட்டுக்காரரு இருக்காரு. நான் மர டாக்டர்லா" என்பாள். அடக்கம் என்ற பொருளை அவள் கடையில் விற்பதில்லை. தன் வேலையைத் தானே புகழ்ந்துகொள்வாள், நாம் புகழ மறந்தால் நினைவூட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரந்தாவ் சாப்பாட்டுக் கடையில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். பிளாஸ்டிக் பையில் கருகிய இலை கொண்டுவருவார்கள், கைப்பேசியில் படம் கொண்டுவருவார்கள், வேலியைத் தாண்டிவந்த பக்கத்து வீட்டு ரம்புத்தான் கிளையைப் பற்றிய பழைய ஆத்திரத்தைக் கொண்டுவருவார்கள். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே எல்லோருக்கும் இலவசமாகப் பதில் சொல்வாள்.

"அக்கா, எங்க மா பூக்கவே மாட்டேங்குது."

"தண்ணி ஊத்துறியா?"

"தினம் ஊத்துறேன்."

"வேளாவேளைக்கு சோறு போட்டா அது ஏன் வேலை செய்யும்? உன் தம்பிய பாரு. கொஞ்ச நாள் பட்டினி போடு, பூக்கும்."

அந்தத் தம்பி பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருப்பான். கடையே சிரிக்கும். அடுத்த பருவத்தில் மா பூக்கும். இந்த இலவசத்தில் அவளுக்கு ஒரு ராணியின் சந்தோஷம் இருந்தது. இந்த இலவசமே ஒருநாள் அவள் கழுத்தைப் பிடித்தது.

எங்கள் தோட்டத்தில் மாதா கோயிலும் மாரியம்மன் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. நடுவில் ஒரு கம்பி வேலி, வேலியின் மேலேயே அந்த அரசமரம். அதை யாரும் நடவில்லை. ஏதோ ஒரு காக்கா வேலிக் கம்பியில் உட்கார்ந்து இரண்டு மதத்துக்கும் பொதுவாக எச்சமிட்டுப் போனது. வளர்ந்த பிறகு மாரியம்மன் பக்கத்தில் அதற்கு மஞ்சள் துணி கட்டினார்கள், மாதா பக்கத்தில் அதன் நிழலில் திருவிழாக் கஞ்சி ஊற்றினார்கள். என் அப்பா மாதா கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை. அக்கா கட்டிக்கொண்டதோ வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில். அத்தானின் அண்ணன் மாரியம்மன் கோயில் தலைவர். கல்யாணத்தின்போது எழுந்த புகை அடங்குவதற்கு வருஷங்கள் ஆயின. அடங்கிய பிறகு, இரண்டு திருவிழாவிலும் பந்தியில் முதல் இலை அக்காவுக்கு.

ஒரு மாலை, மழைக்கு முன்னால் வந்த காற்றில் மரம் சாய்ந்தது. மாரியம்மன் பக்கத்து மண்ணைப் பெயர்த்துக்கொண்டு, மாதா கோயிலின் முன்கூரைமேல் விழுந்தது. கூரைத் தகடு அப்பளமாக நொறுங்கிற்று. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. வேலை செய்யும் சிரம்பானிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது, சண்டை விடவில்லை. மரத்தைச் சுற்றிப் புதிதாகக் கட்டிய சிமெந்து மேடை, பளபளக்கும் டைல்ஸோடு, வேரோடு சேர்ந்து அந்தரத்தில் தூக்கி நின்றது. மேடைதான் வேரை அமுக்கிக் கொன்றது என்றார்கள் மாதா கோயில்காரர்கள். நீங்கள் உங்கள் பக்கம் வெட்டிய புது லொங்காங்தான் வேரை அறுத்தது என்றார்கள் மாரியம்மன் கோயில்காரர்கள், அந்தச் சாக்கடைப் பள்ளத்தில் தெரிந்த வெட்டுக்காயங்களைக் காட்டி. போலீசில் ரிப்போர்ட் என்றது ஒரு பக்கம். கோர்ட்டில் பார்க்கலாம் என்றது மறுபக்கம். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே பெயரைச் சாட்சிக்கு இழுத்தன.

"லொங்காங் வெட்டலாம்னு உங்க மகதானே சொல்லுச்சு?" என்றார் மாதா கோயில் கமிட்டிக்காரர் அப்பாவிடம். தலைவரோ, "அந்தப் பொண்ணு சொல்லித்தான்யா நாங்க மேடையே கட்டுனோம்" என்றார்.

அக்கா லோரியை விட்டு இறங்கும்போது நிலைமை இதுதான். மேடை என்று சொன்னால் புகுந்த வீடு போகும், லொங்காங் என்று சொன்னால் பிறந்த வீடு போகும். பொத்தாம்பொதுவாக எதையாவது சொல்லி நழுவினால், இந்த வட்டாரத்தில் இனி ஒருவரும் ஒரு கருகிய இலையைக்கூட அவளிடம் நீட்டமாட்டார்கள். தலைவர் அவளைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பாத்துச் சொல்லும்மா. நாளப்பின்ன திருவிழாவுக்கு நீ வரணும்." அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா மரத்தைச் சுற்றி நடந்தாள். குனிந்தாள், வேரை நகத்தால் கீறி முகர்ந்தாள், பள்ளத்தில் இறங்கி முட்டி வரை சேறாகி ஏறி வந்தாள். பிறகு மரத்தின்மேலேயே உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருக்கும் நான்தான் சொன்னேன். இல்லைன்னு சொல்லலையே. கடையில வச்சு, ஆளுக்கு ஒரு படத்தைக் காட்டுனீங்க. உங்க உங்க பக்கத்தை மட்டும் படம் புடிச்சிருக்கீங்க. வெட்டிக்கோங்க, கட்டிக்கோங்கன்னேன். அதோட விட்டேனா? கடைசியா ஒண்ணு சொன்னேன். அது என்ன?"

செம்பனை ஓலைகளிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. தன் பக்கத்துக்காரர்கள் முன்னால், தன் உடைந்த கூரைக்குக் கீழே நின்று, என் அப்பாதான் முதலில் பேசினார். "அந்தப் பக்கம் யாரும் கை வைக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன, பாப்பா." கமிட்டிக்காரர் அப்பாவை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைவரின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு: "எனக்கும் அதேதான் சொல்லுச்சு."

ஒரே வாக்கியம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெஞ்சுக்குள் கிடந்திருக்கிறது. வெட்டு, கட்டு என்ற தனக்கு வேண்டிய முன்பாதியை எடுத்துக்கொண்டு, பின்பாதியை அடுத்த வீட்டுக்குச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள். சொல்லப் போனால் அனுமதி கேட்டதுபோல ஆகிவிடுமே என்ற கௌரவம். கோயில் வைத்திருப்பவர்களுக்கே உரிய கௌரவம் அது.

"நானும் காலை எடுத்து வச்சு வந்து பாத்திருக்கணும்" என்றாள் அக்கா. "ரொட்டியைப் பிச்சுக்கிட்டே வைத்தியம் சொன்னேன். அதனால தப்பு மூணு பங்கு. சரி, பங்கு பிரிச்சாச்சு. இப்ப என்ன, இதை விறகு ஆக்கணுமா, நிக்க வைக்கணுமா?"

செத்த மரத்தை எப்படி நிறுத்துவது என்று யாரோ சிரித்தார்கள். "செத்துச்சுன்னு உன்கிட்ட வந்து சொல்லுச்சா? ரெண்டு ஓரத்திலயும் வேர் மண்ணை விடல. பசிக்குது, படுத்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

மறுநாள் விடிந்ததும் தோட்டமே வேலையில் இறங்கியது, அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. அக்காவே தோட்ட மானேஜரிடம் போய்ப் பேசி டிராக்டர்கள் கேட்டு வந்திருந்தாள். மரத்தின் பாரம் குறைய, கிளைகளை ஏறக்குறைய மொட்டையாகவே அறுத்துத் தள்ளினாள். பெயர்ந்த வேர்களுக்கு ஈரச் சாக்கு போர்த்தினாள், ஆஸ்பத்திரியில் போர்த்துவதுபோல. மேடையை மாரியம்மன் கோயில்காரர்களே சம்மட்டியால் உடைத்தார்கள். லொங்காங்கை மாதா கோயில்காரர்களே மூடி, சுற்றுவழியில் வேறு வெட்டினார்கள். இது அவள் போட்ட நிபந்தனை.

பிறகு கயிறு. மரத்தை மாரியம்மன் பக்கமாக இழுக்க வேண்டும். அதிகமாக இழுத்துவிட்டால் அந்தக் கோயில்மேலேயே விழும். அப்படி விழாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கயிறு பிடித்து நிறுத்த வேண்டும். "மாமா, உங்க கோயில் தப்பணும்னா அந்தக் கயித்தை உங்க ஆளுங்க பிடிங்க" என்றாள் தலைவரிடம். பிடிப்பதென்றால் மாதா கோயில் வாசலில் போய் நிற்க வேண்டும். தலைவர் ஒரு கணம் வேலியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். தங்கள் கூரைமேல் கிடப்பதை இழுத்து நகர்த்த வேண்டியவர்கள் மாதா கோயில்காரர்கள். அவர்கள் அம்மன் சந்நிதிக்கு முன்னால், டிராக்டர்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்பாவும் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

எதிர்க்கயிறு பருத்த செம்பனை ஒன்றில் சுற்றியிருந்தது. "பாரத்தை செம்பனை தாங்கிக்கும். நீங்க விடாம இருந்தா போதும்" என்று கத்தினாள். விசில். டிராக்டர்கள் உறுமின. கயிறு விறைத்தது. அப்போதுதான் நான் அந்த முனகலைக் கேட்டேன். மண் பிளந்தது, வேர்க்கட்டி அசைந்தது, நொறுங்கிய தகடுகள் சலசலத்து உதிர்ந்தன, கூரைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு கீற்று வானம் தெரிந்தது. விசில். நிறுத்தம். மூச்சு. மறுபடி விசில். வானம் அகலமாகிக்கொண்டே வந்தது. அடிமரம் தன் குழியைத் தேடி உட்கார்ந்தபோது எழுந்த அதிர்வு என் உள்ளங்காலில் ஏறி முதுகு வரை ஓடியது. மாதா கோயில் வாசலில் யாரோ "ஓம் சக்தி" என்றார்கள். அம்மன் கோயில் வாசலில் யாரோ "மரியே வாழ்க" என்றார்கள். அக்கா விசிலைத் துப்பிவிட்டு, சேற்றுக் கையை இடுப்பில் வைத்து எங்களைப் பார்த்தாள். "என்ன, கை தட்ட மாட்டீங்களா?" கேட்டு வாங்கிய கைதட்டல்தான். ஆனாலும் அப்படி ஒரு கைதட்டலை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

பல வாரம் அது வெறும் கம்பமாக நின்றது. முட்டுக்கொடுத்த கட்டைகளோடு, இரண்டு பக்கத்தாரும் முறைவைத்து ஊற்றிய தண்ணீரோடு. பிறகு அடிமரத்தில் செம்பு நிறத்தில் ஒரு நாக்கு நீண்டது. அப்பா சிரம்பானில் இருந்த எனக்குப் போன் போட்டு, இலை என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இன்று அந்த மரம் கோயில்கள் இரண்டையும்விட உயரம். அக்காவுக்கு முழங்கால் வலி, ஏறுவதில்லை, கீழே நின்று ஆட்களை ஏசுகிறாள். கடையில் இலவச வைத்தியம் நடக்கிறது. ஆனால் படத்தோடு வருகிறவரிடம் முதல் கேள்வி: "பக்கத்து வீட்டுக்காரன் எங்க? அவனையும் கூட்டிட்டு வா." வருஷக்கணக்கில் பேசாதவர்கள் அவள் மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு தே தாரே குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அவளோடு லோரியில் போய்க்கொண்டிருந்தபோது மாதா கோயில் கமிட்டியிலிருந்து அழைப்பு. அரசமரத்து இலைகள் கொட்டிக் கொட்டிப் புதுக்கூரையின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறதாம். அந்தப் பக்கத்தார் பெருக்க மாட்டேன் என்கிறார்களாம், இலை உங்கள் பக்கம்தானே விழுகிறது என்கிறார்களாம், நீங்கள் வந்து ஒரு நியாயம் சொல்ல வேண்டுமாம். அக்கா லோரியை ஓரம்கட்டி நிறுத்தினாள். மறுமுனை மூச்சு வாங்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு கைப்பேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மகன் முதல் மார்க் வாங்கியதைச் சொல்லும் தாயின் முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாடா தம்பி? அளவுக்கு மீறிக் கொட்டுதாம் இலை."